உப்பளக் கரையில் மெய்நிகர் காட்சி

மரக்காணத்து உப்பளங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிற் செல்வோர் யாவரும் கண்டிருப்பர். வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பைக் காண்பவர் பலர். அவ்வுப்பு விளையும் முறையை நின்று நோக்குபவர் சிலரே. உவர்நீரை எடுத்த எடுப்பில் உப்புப் பாத்தியிற் பாய்ச்சிவிடுவதில்லை. முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலில் சுண்ட வைப்பர். நீர் செறியச் செறிய, அதிலுள்ள சுண்ணமும் ஜிப்சமும் முன்னதாகப் படிந்துவிடும். அதன் பின்னரே மடை திறந்து அந்நீரை உப்பு விளையும் பாத்திக்கு விடுவர். ஒரு பாத்தியின் அளவும் அடுத்த பாத்தியின் அளவும், இடையிலுள்ள மடையின் அகலமும் ஒன்றற்கொன்று இசைந்திருக்க வேண்டும். மடை குறுகலாயின், அடுத்த பாத்தி எத்தனை பெரிதாயிருந்தும் பயனில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இம்முறைக்கும் நெருங்கிய ஒப்புமை உண்டு. தலையில் அணிந்துகொண்டால் இரு கண்களுக்கும் வேறொரு உலகைக் காட்டும் கருவியை அறிவீர்கள். கடைவீதியில் அதை 'வி.ஆர். ஹெட்செட்' என்கிறார்கள். நான் அதைத் 'தலையணி' என்று சுருக்கமாக வழங்குவேன். அத்தலையணிக்கு ஏற்ற கணிப்பொறியை உறுப்பு உறுப்பாகத் தேர்ந்தெடுத்து அமைப்பது எவ்வாறு என்பதும், அதிலும் உப்புக் காற்று வீசும் கரையில் வாழ்வோர் எவற்றைக் கருத வேண்டும் என்பதுமே இன்றைய பேச்சு.

இது செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளைப் பற்றிய பேச்சுத்தானே என்று சிலர் எண்ணக்கூடும். விளையாட்டுக்கும் அது பயன்படுகிறது; மறுக்கவில்லை. ஆயினும் அறுவை மருத்துவப் பயிற்சி, ஆலைப் பாதுகாப்புப் பயிற்சி, கட்டட வரைவு முதலிய பல துறைகளில் இக்காட்சிகளை உருவாக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணன் முன்னின்று அமைத்த எக்ஸ்டிக் என்னும் ஆய்வு மையம் இத்துறைக்கென்றே உள்ளது. கடற்கரைச் சிற்றூரில் பிறந்த ஓர் இளைஞனும் இத்தொழிலைக் கற்கலாம். ஆனால் அவன் கையில் இருப்பது ஒருமுறை செலவிடுவதற்கான பணம். தவறான உறுப்பு ஒன்றை வாங்கிவிட்டால், மறுமுறை வாங்கப் பணம் இராது.

தலையணியின் வரலாற்றை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடுகிறேன். 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்டு என்பவர் கூரையிலிருந்து தொங்கும் கனத்த கருவி ஒன்றைத் தலையில் பொருத்திக் கணிப்பொறிக் கோடுகளைக் காட்டினார். 2012இல் பாமர் லக்கி என்னும் இளைஞர் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ஆக்குலஸ் என்ற தலையணியைத் தொடங்க, 2016இல் அது கடைக்கு வந்தது, அவ்வாண்டே எச்.டி.சி. வைவ் என்பதும் வந்தது.

இன்று கிடைக்கும் தலையணிகள் இரு வகை. ஒன்று, கணிப்பொறியைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டு தனித்து இயங்குவது. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் வரிசை இத்தகையது. மற்றொன்று, கம்பியால் கணிப்பொறியோடு பிணைக்கப்பட்டு, அது அனுப்பும் படத்தை மட்டும் காட்டுவது. முதல் வகையையும் வேண்டும்போது கம்பியாலோ கம்பியின்றியோ கணிப்பொறியோடு இணைக்கலாம். வெறுமனே பார்த்து மகிழ விரும்புவோர்க்கு முதல் வகை ஒன்றே போதும். அவர்கள் கணிப்பொறிக்குச் செலவிட வேண்டுவதில்லை. காட்சிகளை உருவாக்கக் கற்போர்க்கும், நுண்ணிய படங்களை நாடுவோர்க்கும் கணிப்பொறி இன்றியமையாதது. என் பேச்சு அவர்களுக்கே.

சாதாரணத் திரையைக் காட்டிலும் தலையணி கணிப்பொறியை வருத்துவது ஏன்? சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுத் திரை ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் உள்ளன என்றும், நொடிக்கு 60 படங்கள் மாறுகின்றன என்றும் கொள்வோம். நொடிக்கு 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளைத் தீட்டினால் போதும். 2016இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்டில் இரு கண்களுக்கும் சேர்த்து 2160க்கு 1200 புள்ளிகள். நொடிக்கு 90 படங்கள். பெருக்கிப் பார்த்தால் 23 கோடியே 32 இலட்சம் வருகிறது. வில்லை படத்தை வளைத்துக் காட்டுவதால், அவ்வளைவை ஈடுசெய்ய முதலில் இன்னும் பெரிய படமாகத் தீட்டிப் பின் சுருக்க வேண்டும். ஆகவே உண்மையான உழைப்பு, வீட்டுத் திரைக்கு வேண்டியதைப்போல் மும்மடங்கு, அதற்கு மேலும் ஆகும்.

அளவைவிடக் கடுமையானது காலம். நொடிக்கு 90 படம் என்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 11.1 மில்லி நொடி. அதற்குள் படம் ஆயத்தமாகாவிடின், வீட்டுத் திரையில் ஒரு சிறு தடங்கல் தோன்றி மறையும்; யாருக்கும் கேடில்லை. தலையணியிலோ, தலை திரும்பியும் உலகம் திரும்பவில்லை என்று கண் சொல்லும். திரும்பிவிட்டோம் என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புச் சொல்லும். இவ்விரண்டும் முரண்பட்டால் தலை சுற்றும், குமட்டும். முதன்முறை கட்டுமரத்தில் ஏறிய உள்நாட்டார் படும் பாட்டை நம் கடற்கரை மக்கள் நன்கு அறிவர். இதுவும் அதன் உறவுதான். தலை அசைவதற்கும் படம் அசைவதற்கும் இடையே 20 மில்லி நொடிக்கு மேற்படலாகாது என்பது இத்துறையினரின் பொதுவான அளவுகோல். குறித்த நேரத்துக்குப் படம் வராதபோது, முந்திய படத்தைச் சற்றே நகர்த்தி இடையில் ஒரு செயற்கைப் படத்தைச் செருகும் உபாயங்களும் இன்று உண்டு. அவை ஊன்றுகோல், கால் அல்ல.

ஆதலால் தேர்வு தொடங்க வேண்டிய இடம் தலையணி. பலர் முதலில் கணிப்பொறியை வாங்கிவிட்டு, அதற்கு ஏற்ற தலையணி எது என்று பிறகு தேடுகிறார்கள். உப்புப் பாத்திக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று அறியாமல் தேக்கத்தை வெட்டுவது போன்றது அது. முதலில் தலையணியைத் தீர்மானியுங்கள். அதை ஆக்கியோர் வெளியிட்டிருக்கும் தேவைப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

பின்னோக்கி வரும்போது முதலில் எதிர்ப்படுவது கம்பியும் துளையும். இவ்விடத்தில்தான் பெரும்பாலான பணம் பாழாகிறது. ஆகவே சற்று நின்று சொல்கிறேன்.

மரக்காணத்தை அடுத்த சிற்றூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. தாயும் தந்தையும் உப்பளத்தில் கூலிக்கு உழைப்பவர்கள். கணிப்பொறி பயின்ற மகனுக்காகத் தாய் மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெற்றுக் கொடுத்தார். அவன் நல்ல கிராபிக்ஸ் திறன் கொண்ட மடிக்கணினி ஒன்றையும், ஒருவர் பயன்படுத்தி விற்ற கம்பித் தலையணி ஒன்றையும் வாங்கினான். வீட்டில் வந்து பார்த்தால், தலையணியின் கம்பி டிஸ்பிளேபோர்ட் என்னும் துளையை நாடுகிறது. மடிக்கணினியில் இருப்பதோ எச்.டி.எம்.ஐ. துளை. கடைக்காரர் ஒருவர் மாற்றுமுனை ஒன்றைக் கொடுத்து இதனால் சரியாகிவிடும் என்றார். சரியாகவில்லை. ஏனெனில், கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மாற்றுமுனைகள் கணிப்பொறியின் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ. திரைக்குச் செல்வதற்கு ஏற்பட்டவை. எதிர்த்திசையில் அவை இயங்கா. ஒருவழி மடையைப் புரட்டிப் போட்டால் நீர் திரும்பி ஓடாதல்லவா? எதிர்த்திசைக்கென்று செய்யப்பட்ட மாற்றுமுனைகள் சில உண்டு; அவையும் தலையணியின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது அரிது. ஆறு மாதக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்க, தலையணி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

துளையின் வடிவம் பொருந்தினாலும் போதாது. அதன் கொள்ளளவும் வேண்டும். வால்வ் நிறுவனத்தின் இண்டெக்ஸ் என்னும் தலையணி 2019இல் வந்தது. இரு கண்களுக்கும் 2880க்கு 1600 புள்ளிகள். மிகுதியான வேகத்தில் நொடிக்கு 144 படங்கள். ஒரு புள்ளிக்கு 24 பிட் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 15.9 ஜிகாபிட் ஆகிறது. டிஸ்பிளேபோர்ட் 1.2 சுமக்கக்கூடிய மெய்ச்சுமை 17.28 ஜிகாபிட். எச்.டி.எம்.ஐ. 2.0 சுமக்கக்கூடியது 14.4 ஜிகாபிட். முன்னதில் அடங்கும், பின்னதில் அடங்காது. அத்தலையணியை ஆக்கியோர் டிஸ்பிளேபோர்ட்டையே கேட்டதற்குக் காரணம் இந்த எளிய பெருக்கலில் விளங்கிவிடுகிறது.

மடிக்கணினி வாங்குவோர் இன்னும் ஒன்று கேட்டறிய வேண்டும். பல மடிக்கணினிகளில் இரண்டு கிராபிக்ஸ் உறுப்புகள் உள்ளன: மையச் செயலியோடு பிறந்த மெலிந்தது ஒன்று, தனியாகப் பொருத்திய வலியது ஒன்று. வெளித்துளை மெலிந்ததோடு பிணைக்கப்பட்டிருந்தால், கம்பித் தலையணி வலியதைக் காணவே காணாது. பெட்டியின் மேல் ஒட்டியுள்ள பெயர்ச்சீட்டு இதைச் சொல்வதில்லை. ஆக்கியோரின் விளக்கக் குறிப்பைத் தேடிப் படிக்க வேண்டும். அல்லது தலையணியைக் கடைக்கே எடுத்துச் சென்று பொருத்திப் பார்க்க வேண்டும். கூச்சப்படாமல் இதைச் செய்யலாம்.

தலையணியின் அசைவுச் செய்தியைக் கணிப்பொறிக்குக் கொண்டுவருவது யு.எஸ்.பி. துளை. பழைய 2.0 வகை நொடிக்கு 480 மெகாபிட் சுமக்கும், 3.0 வகை 5 ஜிகாபிட் சுமக்கும். ஆக்குலஸ் ரிஃப்ட் 2016இல் மூன்று 3.0 துளைகளும் ஒரு 2.0 துளையும் கேட்டது. துளைகளின் எண்ணிக்கை இருந்தும், அவை யாவும் தாய்ப்பலகையில் ஒரே கட்டுப்பாட்டுச் சில்லைப் பகிர்ந்துகொண்டால் இடர் நேரும். அப்போது தனியே ஒரு யு.எஸ்.பி. அட்டையைப் பொருத்திக்கொள்வது குறைந்த செலவில் முடியும் பரிகாரம். மேசைக் கணிப்பொறியில் இது கூடும், மடிக்கணினியில் கூடாது.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்குங்கள் என்பதே என் கருத்து. 2016இல் பரிந்துரைக்கப்பட்டது ஜி.டி.எக்ஸ். 970, இன்றைய நுண்ணிய தலையணிகளுக்கு அது போதாது. தன்னுள் 8 ஜிகாபைட்டுக்குக் குறையாத நினைவகம் உள்ள அண்மைக் காலத்துக் கார்டு ஒன்றைத் தேடலாம். குவெஸ்ட் போன்றவற்றைக் கணிப்பொறியோடு இணைக்கும்போது, கார்டு படத்தைத் தீட்டுவதோடு அதைச் சுருக்கிக் கட்டி அனுப்பவும் வேண்டும். ஆகவே அச்சுருக்கும் பகுதி நன்கு அமைந்த கார்டாகவும், தலையணி ஆக்கியோரின் பட்டியலில் பெயர் உள்ளதாகவும் இருத்தல் வேண்டும். மையச் செயலி நடுத்தரமாயிருந்தால் போதும். நினைவகம் 16 ஜிகாபைட். ஏ.எம்.4 பீடத்துச் செயலி ஏ.எம்.5 பீடத்தில் உட்காராது, டி.டி.ஆர்.4 நினைவகம் டி.டி.ஆர்.5 துளையில் நுழையாது; கார்டின் நீளத்துக்குப் பெட்டியில் இடம் இருக்க வேண்டும். இவற்றை அளவுகோல் கொண்டே சரிபார்த்துவிடலாம்.

அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கணிப்பொறிகள் சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி நல்ல கார்டு ஒன்றைச் செருகிவிடலாம் என்று இளைஞர்கள் கருதுகிறார்கள். ஒதுக்கத்தக்க யோசனையன்று, ஆனால் பொறிகள் மூன்று உண்டு. அப்பெட்டிகள் ஒடுக்கமானவை, நீண்ட கார்டு நுழையாது. அவற்றின் மின்வழங்கி சிறியது, அந்நிறுவனத்துக்கே உரிய தனி முனை கொண்டது, எளிதில் மாற்றவியலாது. மூன்றாவது, விண்டோஸ் 10க்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை. இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை பெரும்பாலும் தள்ளுபடி.

இனி மின்சாரம். கார்டு 200 வாட், செயலி 90 வாட், ஏனையவை 60 வாட் என்று கூட்டினால் 350 வருகிறது. அதற்காக 350 வாட் மின்வழங்கியை வாங்கலாகாது. கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் அளவைக் கடந்து மின்சாரத்தை இழுக்கும் இயல்புடையது. 650 வாட் உள்ளதை வாங்கினால் அது நிம்மதியாக இயங்கும், வெப்பமும் குறையும். நம் சிற்றூர்களில் மாலை வேளையில் மின்னழுத்தம் தாழ்வது வழக்கம். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மின்வழங்கிக்கு இத்தாழ்வு ஒரு பொருட்டன்று. 200க்குக் கீழே ஏலாத மலிவு வகைகள் அப்போது நின்றுவிடும். அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குக. வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பின், அது தூய சைன் அலை தருவதா, சதுர அலை தருவதா என்று கேளுங்கள். இக்கால மின்வழங்கிகளில் பல சதுர அலையை ஏற்காமல் அணைந்துபோகும்.

நில இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எர்த் குழியில் கரியும் உப்பும் இடுவது நம் மின்பணியாளரின் நெடுநாள் வழக்கம். கடற்கரை மண்ணில் உப்பு முன்பே இருக்கிறது. மின்சாரம் எளிதில் மண்ணுக்குள் இறங்கும், அது நன்மை. ஆனால் அதே உப்பு குழாயையும் கம்பி முனையையும் தின்றுவிடும். புதுமனை புகும்போது இட்ட எர்த் இன்னும் இருக்கிறதென்று நம்பியிருக்க வேண்டாம். ஆண்டுக்கொருமுறை சோதித்துவிடுங்கள்.

இப்பொழுது உப்புக் காற்றுக்கு வருகிறேன். சென்னையில் எழுதப்படும் எந்தப் பட்டியலிலும் இது இராது. ஆனால் மரக்காணத்தில் கணிப்பொறியின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுவே.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகின்றன. விசிறி அவற்றைப் பெட்டிக்குள் இழுக்கிறது. அவை தாய்ப்பலகையின் மேலும் துளைகளின் உள்ளும் படிகின்றன. உலர்ந்து கிடக்கும்வரை அவற்றால் பெருந்தீங்கில்லை. தீங்கு விளைவது ஈரத்தால். தூய சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்தால் நீரை ஈர்த்துக் கரையும். கடலுப்பு தூயதன்று, அதில் மக்னீசியம் குளோரைடு கலந்துள்ளது. உப்பை வாரிய பின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மிகுதியாக இருப்பது அப்பொருள்தான். அது ஏறத்தாழ 33 சதவீத ஈரத்திலேயே கசியத் தொடங்கும். ஆகவே நம் கரையில் பலகையின் மேற்படிந்த உப்பு, ஆண்டில் பெரும்பகுதி நாட்களில் கண்ணுக்குப் புலனாகாத ஈரப் படலமாகவே இருக்கும். அப்படலம் மின்சாரத்தைக் கடத்தும். அதிலுள்ள குளோரைடு செம்பின் மேலுள்ள காப்புப் படலத்தை உடைத்து உள்ளே அரிக்கும். பச்சை பூத்த செப்புக் கம்பியை மீனவர் படகிலே பார்த்திருப்பீர்கள். அதுவே மயிரிழை அளவில் கணிப்பொறிக்குள் நிகழ்கிறது.

இதற்குத் தற்காப்பு எளியது. பலர் நினைப்பதற்கு மாறானதும்கூட. கணிப்பொறியைப் பூட்டி வைத்துப் பாதுகாப்பதைக் காட்டிலும் நாள்தோறும் சிறிது நேரம் இயக்குவது நல்லது. காரணத்தைச் சொல்கிறேன். 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, பெட்டிக்குள் 40 பாகைக்குச் சூடேறினால், அதன் ஈரப்பதம் 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நீர் குறையவில்லை, சூடான காற்றின் கொள்ளளவு கூடியிருக்கிறது. சோற்றுப்பு கரையும் எல்லையிலிருந்து அது தப்பிவிடுகிறது. மாதக்கணக்கில் அணைத்துக் கிடக்கும் கணிப்பொறியே விரைவில் கெடுகிறது.

உறுப்புகளைத் தேரும்போதும் இதை நினைவிற் கொள்ள வேண்டும். சிறிய விசிறி விரைந்து சுழல்வதைவிட, பெரிய குளிர்விப்பானும் மெதுவாகச் சுழலும் விசிறியும் மேலானவை. உள்ளே இழுக்கும் காற்று குறையும், உப்பும் குறையும். சுமை இல்லாதபோது விசிறியை நிறுத்திக்கொள்ளும் கார்டுகள் உண்டு, அவற்றையே நாடுக. பெட்டியில் காற்று நுழையும் வாய்களிலெல்லாம் கழுவக்கூடிய வடிவலை இருக்கட்டும். நுழைக்கும் விசிறி, வெளியேற்றும் விசிறியைவிட ஒன்று கூடுதலாயிருந்தால், இடுக்குகளின் வழியே வடிகட்டாத காற்று புகாது. கடலை நோக்கிய சன்னலருகே பெட்டியை வைக்கலாகாது. நினைவகத்தின் முனை மங்கினால் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்க்கும் வழக்கம் ஒன்று நம் நாட்டில் பரவியிருக்கிறது. அதன் மேலுள்ள பொன்முலாம் மிகமிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும். பின்னர் உப்பு நேரே அடியிலுள்ள உலோகத்தைப் பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்து உலர விடுவதே முறை.

இக்கரையில் மடிக்கணினியா, மேசைக் கணிப்பொறியா என்று கேட்டால், மேசைக் கணிப்பொறி என்பேன். மடிக்கணினியில் ஒரு துளை அரித்துப்போனால் முழுப் பலகையையும் மாற்ற நேரலாம். மேசைக் கணிப்பொறியில் அவ்வுறுப்பை மட்டும் மாற்றலாம். மறுபக்க நியாயமும் ஒன்று உண்டு. 2004 சுனாமியையும், 2011 தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சலையும் கண்டவர்கள், தூக்கிக்கொண்டு ஓடக்கூடியது எது என்றுதான் முதலில் எண்ணுவார்கள். மேசைக் கணிப்பொறியைத் தரையில் வைக்காமல் உயர்ந்த பலகைமேல் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும், விலையுயர்ந்த கார்டையும் தலையணியையும் கழற்றி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பையோடு நெகிழி உறையில் கட்டி எடுத்துச் சென்றால் பாதிச் சொத்து பிழைக்கும். கழற்றவும் மாட்டவும் பழகியிருப்பது அன்று உதவும்.

தலையணிக்கு வெளியுப்பு மட்டுமன்றி நம் வியர்வையின் உப்பும் பகை. ஆடி முடித்த கையோடு ஈரமான துளையில் மின்னேற்றும் கம்பியைச் செருகாதீர்கள்; ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் முனை சில வாரங்களில் கறுத்துவிடும். வெயிலைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தலையணியின் வில்லைகள் உருப்பெருக்கிகள். வெயில் சில நிமிடம் அவற்றில் நேரே விழுந்தால் உள்ளே குவிந்து திரையைச் சுட்டுவிடும். அந்த வடு ஆறாது. சன்னல் திண்ணையிலோ முற்றத்திலோ கவிழ்த்தும் வைக்க வேண்டாம், மல்லாத்தியும் வைக்க வேண்டாம். உப்பளத்தின் நடுவே நின்று அணிந்து பார்க்கலாமே என்று ஓர் இளைஞன் கேட்டான். தலையணியிலுள்ள சிறு கேமராக்கள் சுற்றுப்புறத்தின் முனைகளையும் அடையாளங்களையும் கொண்டே தாம் இருக்கும் இடத்தை அறிகின்றன. எங்கும் ஒரே வெண்மையாகக் கண்கூசும் வெளியில் அவை எதைப் பற்றிக்கொள்ளும்? வீட்டிலும் வெறும் வெள்ளைச் சுவர் ஆகாது. ஒரு நாட்காட்டியும் இரண்டு படங்களும் மாட்டினால் போதும்.

கம்பியில்லாமல் இணைக்க விரும்புவோர், வீட்டு இணையத்தின் வேகம் கூட வேண்டும் என்று மாதக் கட்டணத்தை உயர்த்திக்கொள்கிறார்கள். அது வீண். படம் வெளியுலகிலிருந்து வருவதில்லை. அடுத்த மேசையிலிருக்கும் கணிப்பொறியிலிருந்து வருகிறது. வேண்டுவது வைஃபை 6 வகை ரூட்டர் ஒன்று. கணிப்பொறியிலிருந்து ரூட்டருக்குக் கம்பியும், ரூட்டரிலிருந்து தலையணிக்கு 5 கிகாஹெர்ட்சு அலையும் இருக்கட்டும். இரண்டும் ஒரே அறையில் இருத்தல் நலம். அவ்வலை தடித்த சுவரை ஊடுருவத் திணறும்.

பயன்படுத்திய தலையணியை வாங்குவோர் கடைசியாக மென்பொருளின் ஆயுளையும் விசாரிக்க வேண்டும். எச்.பி. நிறுவனத்தின் ரிவெர்ப் ஜி2 என்பது 2020இல் வந்த மிக நுட்பமான தலையணி. அது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்னும் மென்பொருளை நம்பி இயங்கியது. 2023 டிசம்பரில் அம்மென்பொருள் கைவிடப்படுவதாக அறிவிப்பு வந்தது. 2024இல் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது. கண்ணாடி உடையவில்லை, கம்பி அறவில்லை. புதிய பதிப்பை ஏற்ற கணிப்பொறியோடு அதை வழக்கமான முறையில் இணைக்கவியலாமற் போயிற்று. இத்தகையவை இன்று மலிவாக விற்கப்படுவதற்குக் காரணம் அதுதான்.

முன்னே சொன்ன இளைஞன் அந்த மடிக்கணினியையே வைத்துக்கொண்டான். கம்பித் தலையணியை அது பொருந்தும் ஒருவருக்கு விற்று, அப்பணத்தோடு சிறிது சேர்த்து, யு.எஸ்.பி. கம்பியால் இணையக்கூடிய தனித்தியங்கும் வகை ஒன்றை வாங்கினான். அவ்வகைக்குப் படம் தரவுக் கம்பியின் வழியே சுருக்கப்பட்டுச் செல்வதால், எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளேபோர்ட் என்ற வழக்கே எழவில்லை. வாங்கிய அன்றே நான் அவனிடம் சொன்னவை இரண்டு: ரசீதையும் உறுதிச் சீட்டையும் பத்திரப்படுத்து; திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் எல்லாத் துளைகளையும், இரு கைப்பிடிகளையும், ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டியும் சோதித்துவிடு. துரு, உப்பு, ஈரம் ஆகியவற்றால் நேரும் கேட்டைப் பல நிறுவனங்களின் உறுதிச் சீட்டு ஏற்பதில்லை. மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடக்கும் மாதங்களில் சிலிக்கா பைகளை வாரம் ஒருமுறை சூடேற்றி உலர்த்தும் பொறுப்பை அவன் தாயே ஏற்றுக்கொண்டார்.